பாட்டில் உடையாவிட்டால்...?

சவுத்தாம்ப்டனில் குயின் மேரி 2 கப்பலுக்குப் பெயர் சூட்டிய விழாவைப் பற்றிப் போன இதழில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு தபால்காரர் கொண்டுவந்து கொட்டியதெல்லாம் கப்பல் கேள்விகள்தான். ஆகவே இந்த இதழில் சினிமா இல்லை, அரசியல் இல்லை. கப்பல் மட்டுமே.

டைட்டானிக் கப்பலுக்குப் பாட்டில் உடைத்துப் பெயர் சூட்டவே இல்லையாமே? அதனால்தான் மூழ்கியதா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பாட்டில் உடைக்கவில்லை என்பது நிஜம். அதனால்தான் மூழ்கியது என்பது கதை. இதற்குச் சாட்சி டைட்டானிக்கின் அக்காள் ஒலிம்பிக். இரண்டுக்கும் சொந்தக்காரரான ஒயிட் ஸ்டார் நிறுவனத்துக்குப் பாட்டில் உடைக்கும் வழக்கமே கிடையாது. 1910 அக்டோபரில், டைட்டானிக்கைக் கட்டிய அதே பெல்ஃபாஸ்ட் தளத்தில், அதே மாதிரி பாட்டில் இல்லாமல்தான் ஒலிம்பிக்கையும் இறக்கினார்கள். அது 1911 முதல் 1935 வரை 24 வருஷம் அட்லாண்டிக்கில் ஓடியது. முதல் உலகப்போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மோதியே மூழ்கடித்தது. பாட்டில்தான் விதி என்றால் ஒலிம்பிக் கணக்கு இடிக்கிறதே!

டைட்டானிக்கை இறக்கியது 1911 மே 31, நண்பகல் கடந்து 13 நிமிடம். வானத்தில் ராக்கெட் வெடித்தது. சறுக்குப் பாதையில் மாட்டுக் கொழுப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்து 22 டன் பூசியிருந்தார்கள். 62 விநாடியில் கப்பல் தண்ணீரில் இருந்தது. மேடையில் ஜே. பி. மார்கன் முதலான பெரிய மனிதர்கள். அடியில், கப்பலைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டாபின். கட்டை சரிந்து அவர்மேல் விழுந்தது. மறுநாள் இறந்துபோனார். டைட்டானிக் கதையில் சகுனம் தேடுகிறவர்கள் உடைபடாத பாட்டிலைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். டாபின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கப்பலைக் கட்டுவதுதானே கஷ்டம்? கட்டி முடித்ததைத் தண்ணீரில் தள்ளிவிட இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு?
— பொறியியல் மாணவர், கோவை

"கட்டி முடித்தது" என்பதே சரியல்ல, தம்பி. இறக்கும்போது பெரும்பாலும் இரும்புக் கூடுதான் தயாராக இருக்கும். புகைபோக்கி, அறைகள், அலங்காரம் எல்லாம் அப்புறம் துறையில் கட்டிவைத்து முடிப்பார்கள். ஆக, சறுக்கிப் போகிற அந்த வேளையில் எஞ்சின் ஓடாது, சுக்கான் கேட்காது, பிரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது. பல்லாயிரம் டன் இரும்பு, பின்பக்கம் முதலில் தண்ணீரைத் தொடும்படி சரிந்து இறங்குகிறது.

நீங்கள் பொறியியல் படிப்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன், பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பின்பகுதி தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். முன்பகுதி இன்னும் சாய்தளத்தில்தான் இருக்கும். அந்தச் சில விநாடிகள் பின்பக்கத்தைத் தண்ணீர் தூக்க, பாரமெல்லாம் முன்முனைக்கு அடியில் இருக்கிற சிறிய தொட்டிலின் மேல் வந்து விழும். கணக்குப் பிசகினால் தொட்டில் நொறுங்கும், கப்பலின் உடல் வளையும். முழுசாக மிதந்த பிறகும் நிம்மதி இல்லை. எதிர்க்கரையில் முட்டுவதற்குள் நிறுத்தியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளைடு ஆறு பெரிய கப்பல்களின் நீளத்துக்குக் குறுகல். அதனால் கிளைடுபேங்கில் ஜான் பிரவுன் தளம், எதிர்க்கரையில் கார்ட் என்ற சிற்றாறு வந்து கலக்கும் வாயைப் பார்த்து அமைந்திருந்தது. கப்பலின் பின்பகுதி அந்த வாய்க்குள் போய் நிற்கும். 1934இல் குயின் மேரியை இறக்கியபோது அதைப் பிடித்து நிறுத்த இழுவைச் சங்கிலிகள் மட்டும் 2,350 டன் வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு பிரான்சில் நார்மண்டி என்ற கப்பல் இறங்கியபோது எழுந்த அலை, கரையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தையே வாரி அடித்தது.

எல்லாக் கணக்கும் போட்டாயிற்று. ஆனால் இது ஒத்திகை பார்க்க முடியாத காரியம். ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்துக்கு முன்னால் மனிதன் கைகூப்பினான் என்றால், அதை ஆர்ப்பாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறக்கும்போதே கவிழ்ந்த கப்பல் உண்டா?
— வங்கி ஊழியர், விருதுநகர்

உண்டு. இத்தாலியின் பிரின்சிபெஸ்ஸா யோலாண்டா. 1907 செப்டம்பரில் ரீவா திரிகோசோ என்ற ஊரில் இறக்கினார்கள். மற்றவர்களைப் போல் வெறும் கூடாக இறக்காமல், உள்ளே மேஜை நாற்காலி வரைக்கும் பூட்டி அலங்கரித்து இறக்கியதுதான் வினை. மேலே பாரம், கீழே நிலக்கரி இல்லை, எடைக்கல்லும் இல்லை. தண்ணீரைத் தொட்டதும் ஒருபக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே கரைக்கு அருகில் மூழ்கியது. ஒரு பயணிகூட ஏறாத பயணிகள் கப்பல். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

1883இல் கிளாஸ்கோவில் டாஃப்னே என்ற சிறிய நீராவிக் கப்பலுக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. இறக்கிய உடனே உள்வேலையைத் தொடரலாம் என்று தச்சர்களும் கொல்லர்களுமாகச் சுமார் 200 தொழிலாளர்களை உள்ளே ஏற்றியிருந்தார்கள். கப்பல் கவிழ்ந்தது. செத்தவர்கள் 124 பேர். இறக்கும் கப்பலில் தேவைக்கு மேல் ஒருவரும் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்த விபத்துக்குப் பிறகே வந்தது.

பாட்டில் உடையாமல் போனால் அந்தக் கப்பல் உருப்படாது என்பது எவ்வளவு தூரம் உண்மை?
— இல்லத்தரசி, மதுரை

இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கோஸ்டா கான்கார்டியா. 2005இல் இத்தாலியில் விழா. பாட்டிலை விட்டது மாடல் அழகி எவா ஹெர்சிகோவா. பாட்டில் உடையவில்லை. 2012 ஜனவரி 13 இரவு ஜில்யோ தீவுக்கு அருகே பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். சகுனம் பலித்தது என்று ஊரெல்லாம் பேச்சு.

இப்போது அரோரா. 2000 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் விழா. இளவரசி ஆன் பாட்டிலை விட்டார். அதுவும் உடையவில்லை, முழுசாகக் கடலில் விழுந்தது. முதல் பயணத்திலேயே உந்துதண்டின் தாங்கி சூடேறி, பாதி வழியில் திரும்பி வந்தது. "பார்த்தாயா!" என்றார்கள். பழுது பார்த்தார்கள், புறப்பட்டது. 25 வருஷம் கடந்தும் பயணிகளை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கான்கார்டியா பாறையில் மோதியதற்குக் காரணம், கேப்டன் கப்பலைத் தீவுக்கு மிக நெருக்கமாக ஓட்டியது. அதற்காக நீதிமன்றம் அவருக்கு 16 வருஷச் சிறைத்தண்டனை கொடுத்தது. பாட்டிலை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. சகுனத்தின் மேல் பழியைப் போட்டால் பொறுப்பானவர் தப்பித்துக்கொள்வார். அதனால்தான் இந்தச் சகுனப் பேச்சை நான் ரசிப்பதில்லை.

அது சரி, பாட்டில் ஏன் உடைய மாட்டேன் என்கிறது? கண்ணாடிதானே!
— எட்டாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

ஷாம்பெயின் பாட்டில் சாதாரணக் கண்ணாடி இல்லை, தம்பி. உள்ளே இருக்கிற வாயு ஐந்தாறு மடங்கு காற்றழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாங்கத்தான் கண்ணாடியை அவ்வளவு தடிமனாக வார்க்கிறார்கள். அந்தப் பாட்டில் கயிற்றில் மெதுவாக ஆடி வந்து தட்டையான இரும்புத் தகட்டில் படுத்தவாக்கில் பட்டால், 'டொங்' என்று திரும்பி வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் முதல்நாளே கண்ணாடி அறுக்கும் கருவியால் பாட்டிலில் லேசாகக் கீறல் போட்டுவைப்பார்கள். தூள் தெறித்து யார் கண்ணிலும் படாமலிருக்க மேலே வலையோ ரிப்பனோ சுற்றுவதும் உண்டு. நீ வீட்டில் சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

உடைப்பதற்கு எப்போதும் பெண்ணைத்தான் அழைக்கிறார்கள். ஏன்?
— ஆசிரியை, தஞ்சாவூர்

எப்போதும் அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்வரை இங்கிலாந்தில் அது பெரும்பாலும் அரச குடும்பத்து ஆண்களின் வேலை. அதன் பிறகு மெல்ல மெல்லப் பெண்கள் கைக்கு வந்து, அப்புறம் அவர்களுக்கே உரியதாகிவிட்டது. கப்பலுக்குப் பெயர் சூட்டுபவரை ஞானத்தாயாகவே கருதுகிறார்கள். அந்த உறவு விழாவோடு முடிவதில்லை, கப்பல் இருக்கும்வரை தொடரும்.

நீங்கள் கேட்டதால் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். 1898 ஜூன் 21. லண்டனில் தேம்ஸ் கரை. ஆல்பியன் என்ற போர்க்கப்பலுக்குப் பெயர் சூட்ட யார்க் சீமாட்டி வந்திருந்தார். பாட்டிலை விட்டார், உடையவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் கயிற்றை வெட்டிக் கப்பலை அனுப்பினார்கள். கப்பல் கிளப்பிய அலை, பக்கத்தில் தொழிலாளர்களுக்காகப் போட்டிருந்த மரப்பாலத்தைப் பெயர்த்தது. ஏறக் கூடாது என்று எழுதி வைத்திருந்தும் வேடிக்கை பார்க்க ஏறிய கூட்டம் அதன்மேல் நின்றது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆரவாரத்தில் மேடையில் இருந்தவர்களுக்கு அந்த அலறல் கேட்கவில்லை.

36 வருஷம் கழித்து அதே பெண்மணி இன்னொரு கப்பலின் முன்னால் வந்து நின்றார். இப்போது அவர் இங்கிலாந்தின் அரசி மேரி. இடம் கிளைடுபேங்க். நாள் 1934 செப்டம்பர் 26. மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே மலைபோல் நின்ற கப்பலுக்கு அதுவரை பெயர் இல்லை. 534 என்ற தள எண்தான் பெயர்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் ஊரே பட்டினி கிடந்தது. 1930 கடைசியில் வேலை தொடங்கியது. 1931 டிசம்பரில், பொருளாதார மந்தத்தால் கப்பலின் சொந்தக்காரரான கூனார்டு நிறுவனத்திடம் பணம் தீர்ந்து, ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். முடிவடையாத கூடு இரண்டேகால் வருஷம் தெருக்கோடியில் துருவேறி நின்றது. வேலையில்லாதவர்கள் கதவைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும். பிறகு அரசாங்கம் கடன் கொடுத்தது. நிபந்தனை: கூனார்டும், நொடித்துப்போயிருந்த ஒயிட் ஸ்டாரும் ஒன்றாக இணைய வேண்டும். டைட்டானிக்கின் அதே ஒயிட் ஸ்டார்தான். 1934 ஏப்ரலில் பேக்பைப் வாத்தியம் முழங்க ஆட்கள் தளத்துக்குள் திரும்பினார்கள். முதல் வேலை, டன் கணக்கில் சேர்ந்திருந்த துருவைச் சுரண்டி எடுப்பது.

அப்படி மீண்டு வந்த கப்பலுக்குத்தான் அரசி தன் பெயரையே சூட்டினார். உடைத்தது ஆஸ்திரேலிய ஒயின். இந்த முறை பாட்டிலும் உடைந்தது, கப்பலும் ஒழுங்காக ஆற்றில் இறங்கியது. அந்த நிமிடத்தில் அவர் மனதில் ஆல்பியன் வந்து போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். மழையில் நனைந்தபடி நின்ற தச்சர்களும் ரிவெட் அடிப்பவர்களும் பார்த்தது அவர்களுடைய சம்பளம் மிதப்பதை. அந்த விழாவுக்கு அவர்களைவிட உரிமையுள்ளவர்கள் யாரும் அங்கே இல்லை.

எங்கள் ஊரில் பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் புதுப் படகு கடலுக்குப் போகும். அந்தப் பெரிய கப்பல்களுக்கும் இது உண்டா ஐயா?
— விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி

உண்டு ஐயா. கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சடங்கு நூலிலேயே கப்பலை மந்திரிப்பதற்கென்று தனி ஜெபம் இருக்கிறது. வெள்ளத்தில் மிதந்த நோவாவின் பேழையைக் காத்ததுபோல் இதையும் காப்பாற்று, கடல்மேல் நடந்து தடுமாறிய இராயப்பருக்குக் கை நீட்டியதுபோல் இதில் போகிறவர்களுக்கும் கை நீட்டு என்பது அதன் சாரம். வள்ளமா, ஆயிரம் அடிக் கப்பலா என்று அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

1960 மே 11 அன்று பிரான்சின் சேன் நசேர் துறைமுகத்தில் 'பிரான்ஸ்' என்ற மாபெரும் கப்பலுக்கு விழா. முதலில் நான்ட் மறைமாவட்ட ஆயர் கப்பலை மந்திரித்தார். அதன் பிறகே ஜனாதிபதி தெ கோலின் மனைவி யுவோன் பெயர் சூட்டி அதைத் தண்ணீருக்கு அனுப்பினார். 316 மீட்டர் நீளம். அன்று உலகிலேயே மிக நீளமான பயணிகள் கப்பல் அதுதான். பிற்பாடு கைமாறி 'நார்வே' ஆனது. கடைசிக் காலத்தில் 'புளூ லேடி' என்ற பெயரோடு 2006இல் நம் குஜராத்தின் ஆலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களைக் கொல்லும் என்று வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய், 2007இல் உடைக்க அனுமதி கிடைத்தது. ஆயர் தீர்த்தம் தெளித்த இரும்பைக் கடைசியில் வெட்டியெடுத்தவர்கள் ஆலங்கில் தினக்கூலிக்கு வந்த நம் ஆட்கள். அவர்களுக்காக அந்தக் கரையில் எந்த ஆயரும் எந்த அர்ச்சகரும் ஜெபித்ததாக நான் படித்ததில்லை.

பிரிட்டிஷ் கடற்படை விழாக்களில் சங்கீதம் 107ஐ வாசிப்பார்கள். கடலில் தொழில் செய்கிறவர்களைப் பற்றிய சங்கீதம். உங்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும்.

விலை உயர்ந்த மதுவைப் போய்க் கப்பலில் ஊற்றுவானேன்?
— ஓய்வுபெற்ற கணக்காளர், சேலம்

உங்களுக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று: பாட்டில்தான் சிக்கனம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசரின் பிரதிநிதி விலையுயர்ந்த வெள்ளிக் கிண்ணத்தில் ஒயினை ஒரு வாய் பருகி, மீதியைத் தளத்தில் ஊற்றி, கிண்ணத்தையே தண்ணீரில் வீசிவிடுவார். கடற்படை பெருகப் பெருக, கப்பலுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கட்டுப்படியாகவில்லை. அதன் பிறகு வந்ததுதான் பாட்டில்.

மதுவே இல்லாமல் இதை நடத்த முடியாதா?
— காந்திய அன்பர், திண்டுக்கல்

தாராளமாக முடியும். இந்தியக் கடற்படைக் கப்பல்களை இறக்கும்போது அதர்வ வேத மந்திரம் ஓதுவதும் தேங்காய் உடைப்பதும் வழக்கம். 2013 ஆகஸ்டில் கொச்சியில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை இறக்கி வைத்தவர், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. ஆண்டனியின் மனைவி எலிசபெத். ஜப்பானில் வெள்ளிக் கோடரியால் கயிற்றை வெட்டுவார்கள்.

அமெரிக்காவில் ஒரு சமரசமும் நடந்தது. 1915இல் அரிசோனா போர்க்கப்பலுக்கு விழா. அரிசோனா மாகாணத்தில் அப்போது மதுவிலக்கு. ரூஸ்வெல்ட் அணையில் முதலில் வழிந்த தண்ணீர் ஒரு பாட்டில், ஷாம்பெயின் ஒரு பாட்டில் என்று இரண்டையும் உடைத்தார்கள். உங்கள் கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று.

வீட்டுக்கு நிலைவாசல் வைக்கும்போது அடியில் காசும் நவதானியமும் போடுகிறோம். கப்பலுக்கு அப்படி ஏதாவது?
— கட்டட மேஸ்திரி, காரைக்குடி

அப்படியே இருக்கிறது, மேஸ்திரி. லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் அருகே 1962இல் ஆற்றுச் சேற்றிலிருந்து ஒரு ரோமானியர் காலத்துக் கப்பலைக் கண்டெடுத்தார்கள். பாய்மரம் நிற்கும் குழியில் டொமிஷியன் பேரரசரின் நாணயம் ஒன்று இருந்தது. தொலைந்து விழுந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது.

அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சேன் நசேரில் எம்எஸ்சி நிறுவனத்துக்குக் கப்பல் கட்டும்போது, அடிப்பகுதி அமைக்கும் நாளில் காசு வைக்கும் சடங்கு உண்டு. அதற்கு நடிகை வருவதில்லை, அரசி வருவதில்லை. கப்பல் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், இந்த இருவர்தான் ஞானத்தாய்கள். வாணவேடிக்கை விழாக்களைவிட இந்தச் சின்னச் சடங்கு எனக்குப் பிடித்திருப்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டுமா?

கப்பலின் பெயரை மாற்றினால் ஆகாது என்பார்களே?
— நாகப்பட்டினம் வாசகர்

மாலுமிகள் அப்படி நம்புவது உண்டு. நம் ஆட்கள் அறிந்த உதாரணமே இருக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1966இல் பிரான்சில் கட்டிய 'பாஸ்தர்' கப்பல்தான். விஞ்ஞானி லூயி பாஸ்டரின் பெயர். 1972இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யின் பெயரைச் சூட்டியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதற்கு முன்பு பத்து வருஷத்துக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் சேர்த்த கப்பல் அது. தீக்குக் காரணத்தைக் கப்பலுக்குள் தேட வேண்டும், பெயருக்குள் தேடக் கூடாது. வ.உ.சி.யின் பெயரைவிடப் பொருத்தமான பெயர் அந்தக் கடல்வழிக்குக் கிடைத்திருக்காது.

பினாங்குக்கு என் தாத்தா 'ரஜூலா'வில் போனார். அதுவும் இந்த மாதிரி விழா கண்ட கப்பலா?
— வாசகி, கோலாலம்பூர்

உங்கள் தாத்தாவின் ரஜூலாவும் குயின் மேரியும் ஒரே ஆற்றுப் பிள்ளைகள் அம்மா. ரஜூலாவை 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் தொழிலாளர்களையும் வணிகர்களையும் மேல்தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாக ஏற்றிக்கொண்டு 1973வரை ஓடியது. 47 வருஷம்! அட்லாண்டிக் ராணிகள் யாரும் அத்தனை காலம் பயணிகளைச் சுமக்கவில்லை. அதன் கதையைத் தமிழில் யாராவது முழுசாக எழுத வேண்டும். தாத்தா சொன்னது எதுவானாலும் எழுதி அனுப்புங்கள், இங்கே அச்சிடுகிறேன்.

குயின் மேரி 2 விழாவை அவ்வளவு சிலாகித்தீர்களே, அதைக் கட்டும்போது நடந்த விபத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?
— வாசகர், ராணிப்பேட்டை

கேட்டது நியாயம். 2003 நவம்பர் 15. சேன் நசேரில் கப்பல் கிட்டத்தட்ட தயார். கட்டியவர்களின் குடும்பத்தினரும் உறவினரும் பார்க்க வந்திருந்தார்கள். கரைக்கும் கப்பலுக்கும் இடையே போட்டிருந்த நடைபாதை முறிந்து, உலர்துறையின் தரையில் போய் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். 'என் கையால் கட்டியது' என்று வீட்டாருக்குக் காட்ட அழைத்து வந்த நாள் அது. எட்டு வாரம்கூட ஆகவில்லை, 2004 ஜனவரி 8 அன்று சவுத்தாம்ப்டனில் எலிசபெத் அரசி பெயர் சூட்டினார், பாட்டில் நன்றாகவே உடைந்தது.

இப்போதெல்லாம் பெரும்பாலும் உலர்துறையில் தண்ணீரை நிரப்பிக் கப்பலை அப்படியே மிதக்கவிடுகிறார்கள். சறுக்கல் இல்லை, சங்கிலி இல்லை, அந்த ஒரு நிமிடத் திகிலும் இல்லை. பெயர் சூட்டுவது மாதங்கள் கழித்து, வேறு துறைமுகத்தில், வேறு நாட்டில்கூட நடக்கிறது. விழா கப்பலோடு போய்விட்டது. கட்டியவர்கள் தளத்திலேயே நின்றுவிட்டார்கள்.

கிளைடுபேங்கில் கட்டிய மூன்று ராணிக் கப்பல்களில் எதையாவது இன்றும் பார்க்க முடியுமா?
— கப்பல் பைத்தியம், சென்னை

இரண்டைப் பார்க்கலாம். குயின் மேரி 1967 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இருக்கிறது. 1938இல் இறங்கிய குயின் எலிசபெத் 1972இல் ஹாங்காங்கில் எரிந்து அழிந்தது. அன்றைய அரசி எலிசபெத் பாட்டிலை விடத் தயாராகும் முன்பே தானாக நகரத் தொடங்கிவிட்ட அவசரக்காரி அது. அரசி சட்டென்று கயிற்றை வெட்டி, ஓடுகிற கப்பலுக்குப் பெயர் வைத்தார்.

மூன்றாவது, 1967 செப்டம்பர் 20 அன்று இறங்கிய குயின் எலிசபெத் 2. அது துபாயில் ரஷீத் துறைமுகத்தில் 2018 முதல் ஹோட்டலாக நிற்கிறது. பாட்டி மேரி, அம்மா எலிசபெத், பேத்தி இரண்டாம் எலிசபெத் மூவரும் தத்தம் கப்பலின் கயிற்றை வெட்டியது ஒரே தங்கக் கத்தரிக்கோலால். துபாயில் சொந்தக்காரர் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. அடுத்த முறை போகும்போது பேரங்காடிக்கு ஒதுக்கும் நாளில் அரைநாளை இதற்குக் கொடுங்கள். அறை எடுக்காவிட்டாலும் உள்ளே சுற்றிக்காட்டக் கட்டணச் சுற்றுலா உண்டு. வழிகாட்டியிடம் கிளைடுபேங்கைப் பற்றிக் கேளுங்கள்.